மாமன் பேர் எழுதாத கவர்

அப்பாவின் கையெழுத்தை யாராலும் படிக்க முடியாது. பேங்க்காரர்கள் மட்டும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களும் படிக்கவில்லை, பழையதோடு ஒத்துப் பார்த்ததோடு சரி. அதனால் என் கல்யாணம் நிச்சயமானபோது மண்டபம், சமையல்காரர் எல்லாம் இரண்டே நாளில் முடிவாகி, பத்திரிகைக் கவரில் பேர் எழுதுவது யார் என்பது மட்டும் பெரிய கேள்வியாக நின்றது.

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை நீங்கி, திருப்பூரில் எல்லோருக்கும் ஆர்டர் கொட்டிய வருஷம் அது. ராயபுரத்தில் எங்களுக்குக் கீழே பனியன் கம்பெனி, மேலே வீடு. நான் படிப்பை முடித்துவிட்டுக் கீழே ஆபீஸில் பேக்கிங் லிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் பத்திரிகை அச்சாகி வந்து இறங்கியது. தொழில் வட்டாரத்துக்குப் போகிற எழுநூறுக்கும் கம்ப்யூட்டரில் ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. மீதி முன்னூறு உறவுக்காரர்களுக்கு. "அதுக்கும் ஸ்டிக்கரே ஒட்டிறலாமுங்ண்ணா" என்று சித்தப்பா சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொட்டிக்கு ஒட்டறத மனுசனுக்கு ஒட்டறதா? சொந்தக்காரன் என்ன, கப்பல்ல போற சரக்கா?"

சரி, நானே எழுதுகிறேன் என்றேன். என் எழுத்து சுமாராக இருக்கும். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "கல்யாணப் பொண்ணே உக்காந்து பேரெழுதுனா, புள்ளைக்கு எத்தன அவசரம் பாருன்னு சொல்லுவாங்க." எனக்கு அவசரம்தான். ஆனால் அதை ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் கடைகளுக்குப் போர்டு எழுதும் ஆர்டிஸ்ட் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் மாதிரிக்கு ஒரு கவரில் பெரிய அத்தையின் பேரை எழுதிக் காட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே சிவப்பில் நிழல் விழுந்து, சுற்றிலும் மஞ்சளாகக் கோடு ஓடியது. அப்பா அதைக் கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். "எங்கக்காளுக்குப் பத்திரிகை வெக்கறனா, மெஸ்ஸுக்கு போர்டு வெக்கறனா?" என்று கேட்டார். ஆர்டிஸ்ட் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஆள் தானாகக் கிடைத்தார். கட்டிங்கில் வெட்டி முடித்த துணியைக் கட்டுக் கட்டாகக் கட்டி, கட்டுக்கு ஒரு அட்டை செருகி அனுப்புவார்கள். என்ன கலர், என்ன சைஸ், எத்தனை பீஸ் என்று அதில் எழுதியிருக்கும். வழக்கமாக அதைத் தையல்காரர்களைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்கு ஒரு அட்டை எப்படியோ என் மேசைக்கு வந்துவிட்டது. ‘கருநீலம், நடுத்தரம், இருபத்து நாலு’ என்று தமிழிலேயே எழுதியிருந்தது. எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. கம்பெனியில் எல்லோரும் நேவி, எம் என்றுதான் எழுதுவார்கள். அதைவிட அந்த எழுத்து! கறிவேப்பிலையை ஆய்ந்து வைத்த மாதிரி அத்தனை சுத்தம். கோடு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து ஓடியது. தூக்கிப் போடப் போகிற அட்டையில் ஒருத்தர் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு கட்டிங் பக்கம் போனேன்.

எழுதியவர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அட்டையை என் கையில் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"தப்பா எழுதிட்டேனா மேடம்?"

"இல்லீங்கக்கா. எதுக்கு இத்தனை அழகா எழுதறீங்க? குப்பைக்குத்தான போகுது?"

"அசிங்கமா எழுத வராது மேடம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதற்காக வருத்தப்படுகிறவர் மாதிரி சொன்னார்.

ஊரில் அவர் போகும் கோயிலில் வாசலில் ஒரு கரும்பலகை உண்டாம். ஞாயிற்றுக்கிழமை வசனம், கல்யாண அறிவிப்பு, ஞானஸ்நானம், சாவு எல்லாவற்றையும் அதில் பன்னிரண்டு வயதிலிருந்து இவர்தான் எழுதியிருக்கிறார். கவர் எழுத வருவீர்களா என்று கேட்டேன். ஞாயிறு மட்டும் வரமாட்டேன், கோயிலுக்குப் போகணும், மற்றபடி எழுதுதேன் என்றார். அப்பா அவருக்குக் கட்டிங் வேலையிலிருந்து ஆறு நாள் விடுப்புக் கொடுத்து, எழுதுகிறதுக்குத் தனியாகக் கூலி பேசினார்.

நான் விலை உயர்ந்த ஜெல் பேனா ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அவர் அதை மரியாதையாக ஓரமாக வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் மைப்பேனா ஒன்றை எடுத்தார். நிப்பின் முனையைக் கட்டிங் மாஸ்டரின் கத்தரி தீட்டுகிற கல்லில் சாய்வாகத் தேய்த்திருந்தார். அந்தத் தேய்மானத்தில்தான் தடிப்பும் மெலிவும் வருகிறது. நான் வாங்கி எழுதிப் பார்த்தேன். பேப்பர் கிழிந்தது. "கைய இறுக்காதீங்க மேடம், அது தானா போவும்" என்றார். மறுபடியும் கிழிந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முதலில் கீழே கட்டிங் டேபிளில்தான் உட்கார்ந்தோம். கவர்களை நீளமாகப் பரப்பிக் காயவைக்க அது வசதி. ஆனால் பத்து நிமிஷத்தில் பஞ்சு பறந்து வந்து ஈர மையில் ஒட்டிக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து மீசை முளைத்துவிட்டது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மாடிக்குப் போய், ஹாலில் ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். அம்மா பேர் சொல்ல வேண்டும், அவர் எழுத வேண்டும், நான் காயவைக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அம்மா சொன்னாள், அவர் எழுதினார். அடுத்தது தாய்மாமனுக்கு. அம்மா தன் அண்ணன் பேரைச் சொன்னாள். எழுதுகிற அக்கா பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இவுக கண்ணாடி போடுவாகளா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"வயசானவுகளுக்குக் கொஞ்சம் பெருசா எழுதணும்லா. கண்ணாடி போடாதவுகளுக்கு அப்படி எழுதினா கவரு மூஞ்சில அடிக்கும். அதான் கேக்கேன்."

"அப்ப சாமிக்கு ஏன் கேக்கலீங்க?" என்றேன்.

"அவருக்கு எல்லாம் தெரியும்லா" என்றார்.

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "அண்ணன் கவர அப்பறமா எழுதிக்கலாம் அம்மணி, அடுத்தத எழுது" என்று அந்தக் கவரை எடுத்து அடியில் வைத்துவிட்டாள்.

மாமன் விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். மாமனுக்குச் சாமளாபுரத்தில் தறி ஓடுகிறது. அவர் பையனுக்கு நான்தான் என்று நான் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர்கள் தட்டோடு வந்தபோது நான் மாட்டேன் என்றேன். மாமன் பையன் பெங்களூரில் வேலை பார்த்தான். அவனுக்கும் என்மேல் பெரிய ஆசை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மாமனுக்கு அது அவமானமாகிவிட்டது. "இனி இந்த ஊட்டுப் படி மிதிச்சா என்ன ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. நான் சொன்னதில் எனக்கு வருத்தமே கிடையாது, இன்றைக்கும் இல்லை. ஆனால் அம்மா அதற்குப் பிறகு பிறந்த வீட்டுக்குப் போகவே இல்லை. அதற்கு மட்டும் எனக்கு வருத்தம் உண்டு.

இப்போது கல்யாணம். எங்களில் மாமன் சீர் இல்லாமல் கல்யாணம் இல்லை. பெண்ணை மணமேடைக்குக் கைப்பிடித்துக் கூட்டி வருவது மாமன்தான். "வரலைன்னா ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தர நிறுத்தி ஒப்பேத்திக்கலாம் புள்ள" என்று அப்பா ஒரு தடவை சொன்னார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அப்பா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அம்மாவுக்கு அவளுடைய அண்ணன் வர வேண்டும். வேறு யார் வந்து நின்றாலும் அவளுக்கு அது என் கல்யாணம் ஆகாது. பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குவாரா, கதவைச் சாத்துவாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் கவர் அடியில் போனது.

மற்ற கவர்களுக்கும் கேள்வி நிற்கவில்லை. ஒவ்வொரு பேருக்கும் கேள்வி இருந்தது. கண்ணாடி உண்டா? படிக்கத் தெரியுமா? பத்திரிகையை அலமாரியில் வைப்பார்களா, சாமி படத்தில் செருகுவார்களா? முதல் நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஐம்பது கவர் எழுத வேண்டிய இடத்தில் முப்பதுதான் ஆனது. இரண்டாம் நாளிலிருந்து அவர் கை வேகம் பிடித்தது, நானே அடுத்த பேருக்குக் காத்துக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பார்த்துச் சிரித்த முகங்கள்தான், ஆனால் அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்பாவின் பெரியப்பா ஒருவருக்கு ஒரு கண் தெரியாது என்பதும், அதை அவர் நாற்பது வருஷமாகப் பொண்டாட்டியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை என்பதும் இப்படித்தான் வெளியே வந்தது. அம்மா போனில் கேட்டபோது இதைச் சொன்னது அந்தப் பொண்டாட்டிதான். "ஆருகிட்டயும் சொல்லாதீங்க" என்று அவர் கேட்டுக்கொண்டதை நாங்கள் ஒரு வாரம் காப்பாற்றினோம்.

அவிநாசிபாளையத்துப் பெரியம்மா ஒருத்திக்குப் படிக்கத் தெரியாது. அப்படியானால் அவளுக்குச் சீக்கிரம் எழுதி முடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை.

"படிக்கத் தெரியாதவுகதான் மேடம் எழுத்த ரொம்ப நேரம் பாப்பாக."

அந்தக் கவருக்குத்தான் அன்றைக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதும்போது அவர் உதடு அசையும். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். எழுதுகிற பேரைத்தான் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றார். அப்புறம் மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன். பாப்பா என்று மாற்றிக்கொண்டார்.

மாமன் கவர் தினமும் மேலே வந்தது, தினமும் அடியில் போனது. ஆறாம் நாள், சனிக்கிழமை. மத்தியானத்துக்குள் மற்ற எல்லாம் முடிந்து அது ஒன்று மட்டும் மிஞ்சியது. அடியில் வைக்க வேறு கவரும் இல்லை.

"இவுக கண்ணாடி போடுவாகளாம்மா?" என்று அவர் மறுபடி கேட்டார். அவருக்குக் குடும்பச் சண்டை எதுவும் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

அம்மா கவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டு வருசத்துக்கு முந்தி போடலீங்க" என்றாள். "இப்ப... எங்கண்ணனுக்குக் கண்ணு தெரியுதா இல்லியான்னு எனக்குத் தெரியலியே." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. நான் அதுவரை அம்மா இதற்காக அழுது பார்த்ததில்லை.

"நடுவாந்தரமா எழுதிருங்கக்கா" என்று அவசரமாகச் சொன்னேன்.

"அப்படி எழுதினா ரெண்டுக்கும் ஆகாது பாப்பா. அண்ணந்தானே, ஒரு போனப் போட்டுக் கேட்டா முடிஞ்சுது." பேனாவுக்கு மூடி போட்டு வைத்துவிட்டார்.

எனக்கு அவரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. இரண்டு வருஷமாக ஒரு வீடே செய்யத் தைரியமில்லாத காரியத்தை, கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்கிற மாதிரி சொல்கிறார். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் ரிசீவரை எடுத்தாள். நம்பரைத் தேடவில்லை. விரல்கள் தாமாக அழுத்தின.

தறிக்காரர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். தறிச் சத்தத்தில் அப்படியே பழகிவிடும். அதனால் மாமன் பேசியது ஹாலில் எங்களுக்கும் கேட்டது.

"ஆரு?"

"நாந்தானுங்ண்ணா."

தறி ஓடும் சத்தம் மட்டும் வந்தது. நல்லா இருக்கீங்களா என்று அண்ணனைக் கேட்கலாம், நங்கை நல்லா இருக்காங்களா என்று அண்ணன் மனைவியை விசாரிக்கலாம், பேச்சைத் தொடங்க எத்தனையோ வழி இருக்கிறது. அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை போல. நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்ண்ணா, நீங்க இப்பக் கண்ணாடி போடறீங்களா?"

"என்னது?"

"கண்ணாடிங்க. படிக்கறதுக்கு."

"எதுக்குக் கேக்கற?"

"கவர்ல பேரெழுதற அம்மணி கேக்குதுங்க. கண்ணாடி போடறவீங்களுக்குப் பெருசா எழுதோணுமாமுங்க. தெரியாம எழுதமாட்டேன்னு எல்லாக் கவரும் எழுதிப் போட்டு உங்களுத மட்டும் நிறுத்தி வெச்சிருக்குதுங்க."

மறுபடியும் தறிச் சத்தம்.

"இதக் கேக்கவா போன் பண்ணுன?"

"ஆமாங்ண்ணா."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அம்மா ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றாள். "வெச்சுட்டாரு" என்றாள்.

நான் வெடித்துவிட்டேன். உங்களைப் பேர் எழுதத்தானே சொன்னோம், சென்சஸ் எடுக்கவா சொன்னோம் என்று அந்தப் பெண்ணிடம் கத்தினேன். மாமன் மேல் கோபம், அம்மா மேல் கோபம், எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று என்மேல் கோபம். எல்லாம் அவர் தலையில் விழுந்தது. என்ன நடந்தது என்று அம்மா அவருக்கு மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தெரியாதே பாப்பா" என்றார். பேனாவைத் துணியில் சுற்றினார், மறுபடி பிரித்தார். போகவும் மனசு வராமல், இருக்கவும் முடியாமல் அந்த ஒற்றைக் கவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்பா மேலே வந்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், வந்த வழியே கீழே போனார்.

முக்கால் மணி நேரம் இருக்கும். தெருவில் ஒரு மொபெட் வந்து நின்றது. அதற்குப் பின்னால் அந்தக் குரல்.

"ஆரது எம்பேர எழுதமாட்டேன்னு சொன்னது?"

அம்மா படியில் ஓடியே இறங்கினாள். அப்பா கம்பெனி வாசலில் கைகளைக் கூப்பியபடி நின்றிருந்தார். "வாங்க மச்சான், மேல போலாமுங்க."

"ஊட்டுக்கு நான் வரல" என்றார் மாமன். "கம்பெனிக்கு வந்திருக்கறேன்." மாடிப்படிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று கட்டிங் டேபிளுக்குப் போய் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சொன்ன சொல் சொன்னபடியே இருந்தது. படியை அவர் மிதிக்கவில்லை. இப்படி ஒரு சந்து இருப்பது இரண்டு வருஷமாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்குச் சிரிப்பு முட்டியது. அப்பாவும் மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டிருந்தார்.

எழுதுகிற அக்கா பேனாவும் கவருமாக இறங்கி வந்து மாமனுக்கு எதிரில் நின்றார். பயந்தாலும் கேள்வியை விடவில்லை.

"ஐயா கண்ணாடி போடுவீகளா?"

மாமன் சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். "போன வருசம் போட்டது. தறியில நூலறுந்தா கண்ணுக்குத் தட்டுப்படறதில்ல."

"எனக்கு ஆரும் சொல்லலீங்களே" என்றாள் அம்மா.

"நீ கேக்கலியே."

"இப்பக் கேட்டனுங்களே அண்ணா."

மாமன் கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அக்கா எழுத உட்கார்ந்தார். பஞ்சு பறந்தது. மாமன் எழுந்து, ஈர எழுத்துக்கு மேலே இரண்டு கையையும் குடை மாதிரி கவித்துப் பிடித்துக்கொண்டார். பெரிதாக, நிதானமாக எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. பாதியில் மாமனுக்கு ஆவல் தாங்கவில்லை. "இந்தத் தடிப்பு எப்படி அம்மணி வருது?" என்று கேட்டார். நிப்பைத் தேய்த்த கதையை அவர் சொன்னார். மாமன் பேனாவை வாங்கி நிப்பைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சாய்வு பார்த்தார். எந்தக் கல், எத்தனை நேரம் தேய்த்தாய், வலது பக்கமா இடது பக்கமா என்று விசாரித்தார். "எம்பையனுக்கும் பொண்ணு பாத்துட்டு இருக்கறோம். அதுக்கும் நீதான் வந்து எழுதோணும்" என்றார். அதைச் சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. எனக்கு அப்போது அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

மை காய்ந்தது. அம்மா பத்திரிகையைக் கவரில் வைத்து, இரண்டு கையாலும் எடுத்து அண்ணனிடம் நீட்டினாள்.

மாமன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் வாங்கமாட்டேன்."

அம்மாவின் கை அப்படியே நின்றது.

"மாமனுக்குப் பத்திரிகைய கம்பெனில வெச்சா குடுப்பீங்க? வெத்தல இல்ல, பாக்கு இல்ல, தேங்கா பழம் இல்ல. முறைன்னு ஒண்ணு வேண்டாமுங்களா மாப்ள?" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார். "தட்டோட ஊட்டுக்குக் கொண்டு வாங்க. நான் முன்ன போறேன்." மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த ரகளையைச் சொல்லி மாளாது. தேங்காய் இருந்தது, வெற்றிலை இல்லை. வெற்றிலை வந்தது, பழம் காயாக இருந்தது. தாம்பாளத்தை அந்த அக்கா விளக்கிக் கொடுத்தார். அம்மா ஐந்து நிமிஷத்தில் பட்டுப்புடவை கட்டினாள். போகிற அவசரத்தில் நான் அவரிடம் மன்னிச்சுக்குங்கக்கா என்றேன். "வெத்தலையப் பிடிங்க பாப்பா, விழுது" என்றார் அவர்.

எங்கள் வேன் மங்கலத்தைத் தாண்டியதும் முன்னால் மாமனின் மொபெட் தெரிந்தது. அவர் முப்பதுக்கு மேல் போகிறவர் இல்லை. முந்திப் போய்விடலாம் என்று அப்பா ஹாரனில் கை வைத்தார். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "அவரு ஊடு போயிச் சேராம நாம எப்படிப் போயி நிக்கறது?" அதனால் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனோம். எங்களுக்குப் பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. நடுவில் மாமன் ஒரு கடையில் நிறுத்திப் பால் வாங்கினார். நாங்களும் தள்ளி ஓர் ஓரமாக நிறுத்தி, அவரைப் பார்க்காத மாதிரி எதிர்ப்பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும் எங்களைப் பார்க்கவில்லை.

ஊர் முனையில் கொஞ்சம் நின்றுவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமன் வேறு சட்டை மாற்றிக்கொண்டு, அத்தையோடு வாசலில் நின்று கைகூப்பினார். "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க, சௌக்கியமுங்களா?" என்றார், ஒரு மணி நேரத்துக்கு முன்பு எங்களைப் பார்க்கவே பார்க்காதவர் மாதிரி. அப்பாவும் சளைக்கவில்லை. "சௌக்கியமுங்க மச்சான், நீங்க சௌக்கியமுங்களா?" என்று கேட்டார். அத்தை என் கன்னத்தைத் தொட்டு, "எளச்சுப் போயிட்டயே கண்ணு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அம்மாவும் அப்பாவும் சேர்ந்து தட்டைக் கொடுத்தார்கள். மாமன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவரில் தன் பேரை ஓர் எழுத்து விடாமல் படித்தார். பிறகுதான் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"பையன் எப்படிக் கண்ணு? நல்ல மாதிரியா?"

"நல்லவருங்க மாமா."

"அப்பறமென்ன" என்றார். "முந்தின நாள் காத்தாலயே வந்துருவேன். சீரெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அத்தை காப்பி போட எழுந்தாள். அப்போதுதான் நாங்கள் எல்லோரும் கவனித்தோம், அம்மா அங்கே இல்லை. உள்ளே சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"நங்கை, சக்கரை டப்பாவ எங்க மாத்தி வெச்சிருக்கறீங்க?" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

அத்தை பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மாமன் கையைக் காட்டி அவளை உட்கார வைத்தார்.

"நீ உக்காரு. அவ ஊடுதான, அவளே தேடிக்குவா."